ஒரு சிலிண்டர், இரண்டு ஸ்பார்க் பிளக்: வீட்டில் கட்டும் விமானத்துக்கு இரட்டை இக்னிஷன் அவசியமா?

செஸ்னா 172எஸ் போன்ற சிறிய விமானத்தில் பறக்கும் ஒவ்வொரு பைலட்டும், டேக்-ஆஃபுக்கு முன்னால் விசித்திரமாகத் தோன்றும் ஒரு வேலையைச் செய்வார். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்ஜினை 1,800 ஆர்பிஎம் வரை முறுக்குவார். பிறகு இக்னிஷனில் பாதியை வேண்டுமென்றே அணைப்பார். இன்ஜின் நிற்காது, வேகம் மட்டும் கொஞ்சம் இறங்கும். அதை மறுபடி ஆன் செய்துவிட்டு, மறுபாதியை அணைப்பார். அப்போதும் அதே கதைதான். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் விமானம் கிளம்பும்.

இது ஏன் சாத்தியம் என்றால், அந்த இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு தனித்தனி மேக்னட்டோக்கள். ஒன்று செத்தாலும் மற்றது இன்ஜினை ஓட்டிக்கொண்டு போகும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, சான்றிதழ் பெறும் பெட்ரோல் விமான இன்ஜின்களுக்கு இதை விதியாகவே வைத்திருக்கிறது. ஒரு சிலிண்டருக்குக் குறைந்தது இரண்டு பிளக்குகள், தனித்தனி மின்சக்தியில் இயங்கும் இரண்டு தனிச் சுற்றுகள் வேண்டும். இல்லையென்றால், பறக்கும்போது அதற்குச் சமமான நம்பகத்தன்மை தரும் வேறு ஏற்பாடு வேண்டும்.

ஆனால் வீட்டு கராஜில் சொந்தமாகக் கட்டப்படும் 'ஹோம்பில்ட்' விமானங்களுக்கு இந்த இன்ஜின் விதி பொருந்தாது. ஒற்றை இக்னிஷனா, இரட்டையா என்பதைக் கட்டுபவரே முடிவு செய்யலாம். விமானம் கட்டுபவர்களிடையே பல பத்தாண்டுகளாக ஓயாத விவாதம் இது.

'இரண்டு என்றால் நல்லதுதானே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?' என்று தோன்றலாம். இருக்கிறது. காரணம், இரண்டு பிளக் இருப்பதும் இரண்டு சிஸ்டம் இருப்பதும் ஒன்றல்ல.

ஹோம்பில்ட் விமானம் என்றால் என்ன?

அமெரிக்காவில் 'எக்ஸ்பெரிமென்டல் அமெச்சூர்-பில்ட்' என்று தனி வகையே உண்டு. விமானத்தைக் கட்டும் வேலையில் பெரும்பகுதியை, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ தனிநபர்கள் செய்திருக்க வேண்டும். '51 சதவீத விதி' என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். இந்த ஆர்வலர்களின் சங்கமான இஏஏ 1953-ல் தொடங்கப்பட்டது. அது ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாகாணத்தின் ஆஷ்காஷ் நகரில் நடத்தும் விமானத் திருவிழா உலகப் புகழ் பெற்றது.

இந்தியாவில் இது அரிது. மும்பையைச் சேர்ந்த பைலட் அமோல் யாதவ், தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டியதும், அதற்கு 2017-ல் டிஜிசிஏ பதிவு கிடைத்ததும் தேசியச் செய்தியானது. கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், பிரிட்டனில் ஊரடங்குக் காலத்தில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற கிட் விமானத்தைக் கட்டி, குடும்பத்தோடு பறந்ததும் 2022-ல் வைரலானது.

பார்க்க உற்சாகமாக இருந்தாலும், இதன் எண்கள் கொஞ்சம் கவலை தருபவை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி, 2012-ல் இந்த வகை விமானங்களைப் பற்றி ஒரு சிறப்பு ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவின் பொது விமானங்களில் ஹோம்பில்ட்களின் பங்கு சுமார் 10 சதவீதம்தான். ஆனால் 2011-ல் நடந்த விபத்துகளில் 15 சதவீதமும், உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றுடையவை. விபத்துகளில் அதிகம் தென்பட்ட இரண்டு விஷயங்களில் ஒன்று, பறக்கும்போது விமானம் கட்டுப்பாட்டை இழப்பது. இன்னொன்று, இன்ஜின் சார்ந்த கோளாறு. இக்னிஷன் விவாதம் முக்கியமாவது இங்கேதான்.

மேக்னட்டோ எப்படி வேலை செய்கிறது?

கார், பைக்கில் ஸ்பார்க் வர பேட்டரியின் துணை வேண்டும். பழைய பாணி விமான இன்ஜினுக்கு வேண்டாம். அதில் இருக்கும் மேக்னட்டோ ஒரு குட்டி மின் நிலையம். இன்ஜின் சுற்றும்போது அதனுள்ளே ஒரு நிரந்தரக் காந்தமும் சுற்றும். அதனால் காயிலில் மின்சாரம் உண்டாகும். சரியான நொடியில் 'பாயின்ட்ஸ்' எனப்படும் தொடுமுனை திறந்து அந்த ஓட்டத்தைத் துண்டிக்கும். உடனே இரண்டாவது காயிலில் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம் எழுந்து, பிளக்கில் பொறியாகப் பாயும்.

விமானத்தின் மொத்த மின்சாரமும் போய்விட்டாலும் மேக்னட்டோ வேலை செய்யும். அதுதான் அதன் பெரிய பலம். ஆனால் தேயும் பாயின்ட்ஸ், சூட்டில் கெடும் காயில், விரிசல் விடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று பலவீனங்களும் உண்டு. பரவலாகப் பயன்படும் ஸ்லிக் வகை மேக்னட்டோவை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

இரண்டு பிளக் வைக்க இரண்டு காரணங்கள்

முதல் காரணம் பாதுகாப்பு. 1903-ல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஒற்றை இக்னிஷன்தான். இன்ஜின்கள் நீண்ட தூரம் போகத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1927-ல் சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியாகப் பறந்தபோது, அவரது ஒன்பது சிலிண்டர் ரைட் வேர்ல்விண்ட் இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளும் இரண்டு மேக்னட்டோக்களும் இருந்தன. கீழே இருந்தது அட்லான்டிக் கடல்.

இரண்டாவது காரணம் எரிதல். விமான இன்ஜினின் சிலிண்டர்கள் அகலமானவை. சிறு விமானங்களில் பிரபலமான லைக்கமிங் ஓ-320 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 130 மில்லிமீட்டர். நம் பழைய மாருதி 800-ல் அது 68.5 மில்லிமீட்டர்தான். அவ்வளவு அகலமான அறையின் ஒரு மூலையில் மட்டும் தீ வைத்தால், மறுமூலைக்குப் போய்ச் சேர நேரமாகும். இரு பக்கமும் வைத்தால் எரிபொருள் சீக்கிரம் எரிந்து முடியும், பவரும் கூடும். ஒரு பக்கத்தை அணைத்ததும் ஆர்பிஎம் கொஞ்சம் இறங்குவது இதனால்தான்.

இந்த இரண்டாவது காரணம் நமக்குப் பழக்கமானதுதான். 2003-ல் பஜாஜ் பல்சரில் வந்த டிடிஎஸ்-ஐ நினைவிருக்கிறதா? 'டிஜிட்டல் ட்வின் ஸ்பார்க் இக்னிஷன்' என்பதன் சுருக்கம் அது. அங்கேயும் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள். ஆனால் நோக்கம் நன்றாக எரிவதும் மைலேஜும்தான், பேக்-அப் அல்ல. ஆக, ஒரு இன்ஜினில் இரண்டு பிளக்குகளைப் பார்த்தவுடன் 'இது இரட்டிப்புப் பாதுகாப்பு' என்று முடிவு கட்ட முடியாது.

ஒற்றை இக்னிஷனில் பறப்பவர்கள் ஏன் பறக்கிறார்கள்?

ஹோம்பில்ட் உலகத்தின் வரலாறே ஒற்றை பிளக்கில்தான் தொடங்குகிறது. மின்னசோட்டாவைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல், 1929-ல் தன் 'ஏர் கேம்பர்' விமானத்துக்கு ஃபோர்டு மாடல்-ஏ கார் இன்ஜினைப் பொருத்தினார். சிலிண்டருக்கு ஒரே ஒரு பிளக். பின்னாளில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் ஏர்-கூல்டு இன்ஜினும் பல நாடுகளில் இதே பாணியில் ஆகாயம் ஏறியது.

இவர்கள் தரப்பு வாதங்கள் அலட்சியமானவை அல்ல.

முதலில் எடை. கூடுதல் மேக்னட்டோ ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் வரும். வயர்கள், பிளக்குகள் தனி. சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

அடுத்து, இன்ஜினின் அமைப்பு. பீட்டில் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் ஒரு பிளக்குக்குத்தான் இடம். இரண்டாவதுக்கு ஹெட்டைத் துளைக்க வேண்டும். ஏற்கெனவே சூட்டில் விரிசல் விடக்கூடிய பகுதி அது. ஒரு ஆபத்தைக் குறைக்கப் போய் இன்னொன்றை உருவாக்கிவிடக் கூடாது. விமானத்துக்காக மாற்றப்படும் 2,180 சிசி பீட்டில் இன்ஜினின் சிலிண்டர் விட்டமும் 92 மில்லிமீட்டர்தான். நன்றாக எரிய ஒரு பிளக்கே போதும்.

மூன்றாவது, வேகம். அமெரிக்காவின் 'பார்ட் 103' விதிக்குள் வரும் அல்ட்ராலைட் விமானத்தில் ஒருவர்தான் பறக்கலாம். வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அது 24 நாட் வேகத்திலும், அதாவது மணிக்கு சுமார் 44 கிலோமீட்டரிலும் காற்றில் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். மக்கள் நெருக்கம் உள்ள பகுதிக்கு மேல் பறக்கக் கூடாது. இன்ஜின் நின்றால், ஒரு வயலில் மெதுவாக இறங்கிவிட வாய்ப்பு அதிகம்.

வேகமான இரண்டு இருக்கை விமானத்துக்கு இது பொருந்தாது. இறங்கும் வேகம் 48 நாட் என்று வைத்துக்கொள்வோம். வேகம் இரட்டிப்பு என்றால், மோதலில் உறிஞ்சப்பட வேண்டிய ஆற்றல் ஒரு கிலோ எடைக்கு நான்கு மடங்கு. விமானத்தின் எடையும் கூடுதல் என்பதால் மொத்த ஆற்றல் அதைவிட அதிகம்.

நேரமும் குறைவு. செஸ்னா 172 இன்ஜின் இல்லாமல் 1,000 அடி உயரத்துக்கு சுமார் 1.5 நாட்டிகல் மைல் சறுக்கும். டேக்-ஆஃப் ஆகி 500 அடியில் இன்ஜின் நின்றால், பைலட்டுக்குக் கிடைப்பது சுமார் 1.4 கிலோமீட்டர் தூரம், நாற்பது நொடி சொச்சம். அந்த 1.4 கிலோமீட்டரில் இருப்பது வயலா, குடியிருப்பா என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களின் பெயரிலேயே இந்தப் பிரிவினை தெரியும். சிறிய 447 யுஎல் எஸ்சிடிஐ என்பதில் முதல் 'எஸ்', சிங்கிள் இக்னிஷன். பெரிய 503, 582 ஆகியவற்றின் டிசிடிஐயில் உள்ள 'டி', டூயல். ஆயிலையும் சேர்த்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக்கில் பிளக் கரி பிடித்து அடைபடுவது சகஜம் என்பதால், இரண்டாவது பிளக்குக்கு அங்கே வேலை அதிகம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு

இது விளக்கத்துக்கான கற்பனை எண் மட்டுமே. ஒரு இக்னிஷன் சிஸ்டம் சராசரியாக 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை கெடும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒற்றை இக்னிஷன் என்றால், ஒரு மணி நேரப் பயணத்தில் இன்ஜின் நின்றுபோக வாய்ப்பு 2,000-ல் 1.

ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சிஸ்டம் என்றால், அதே ஒரு மணி நேரத்தில் இரண்டுமே கெட வாய்ப்பு 2,000 பெருக்கல் 2,000. அதாவது 40 லட்சத்தில் 1. பிரமாதம்!

ஆனால் இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, பொதுவான பாகம். பத்தில் ஒரு கோளாறு இரண்டு சிஸ்டத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றால் வருகிறது என்று வையுங்கள். அது ஒரே பேட்டரியாகவோ, ஒரே ஸ்விட்சாகவோ, ஒரே ஷாஃப்ட்டாகவோ இருக்கலாம். அப்போது இரண்டும் சேர்ந்து போகும் வாய்ப்பு 20,000-ல் 1 ஆகிவிடும். ஒற்றையைவிடப் பத்து மடங்கு மேல்தான். ஆனால் நாம் நினைத்துக்கொண்டிருந்த 40 லட்சம் எங்கே, இது எங்கே? 200 மடங்கு மோசம்.

இரண்டாவது பொறி, தெரியாமலே செத்துப்போன பேக்-அப். இரண்டு சிஸ்டம் இருந்தால், ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. ஒன்று கெட்டது உங்களுக்குத் தெரியவே இல்லை என்றால், அன்றிலிருந்து நீங்கள் ஒற்றை இக்னிஷனில்தான் பறக்கிறீர்கள். இரட்டை என்ற தைரியத்தோடு!

ஆபீஸில் இரண்டு சர்வர் வைத்து, இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகினால் என்ன ஆகும் என்று ஐடி துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இது அதே கதைதான்.

எது உண்மையில் 'இரண்டு'?

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சில நிஜ இன்ஜின்களைப் பார்க்கலாம்.

1970-களின் கடைசியில் வந்த செஸ்னா 172என் விமானத்தின் லைக்கமிங் ஓ-320-எச்2ஏடி இன்ஜினில் இரண்டு மேக்னட்டோக்கள் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பெண்டிக்ஸ் 'டூயல் மேக்னட்டோ'. இரண்டையும் சுற்றுவது ஒரே ஷாஃப்ட். சான்றிதழ் பெற்ற இன்ஜின்தான். ஆனால் அந்த ஷாஃப்ட்டோ அதைச் சுற்றும் கியரோ போனால் இரண்டும் போகும்.

ஷெவர்லே கோர்வைர் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினை விமானத்துக்கு மாற்றுபவர்கள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். சிலிண்டருக்கு ஒரே பிளக். ஆனால் அந்த பிளக்குக்கு ஸ்பார்க் தர ஒரு பக்கம் பழைய பாயின்ட்ஸ், இன்னொரு பக்கம் எலெக்ட்ரானிக் மாட்யூல், தனித்தனி காயில்கள். ஸ்விட்சைத் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். ஒரு பிளக் போனால் ஆறில் ஒரு சிலிண்டர்தான் போகும், இன்ஜின் தள்ளாடியாவது ஓடும்; ஆனால் காயிலோ பாயின்ட்ஸோ போனால் மொத்த இன்ஜினும் நிற்கும், அதனால் அவற்றை மட்டும் இரட்டிப்பாக்கினால் போதும் என்பதுதான் இதன் தர்க்கம். நியாயமான தர்க்கம்தான். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டும் ரோட்டரும் இன்னும் ஒன்றே ஒன்று.

1989-ல் வந்து இன்று சிறு விமானங்களில் பரவலாக இருக்கும் ரோட்டாக்ஸ் 912-ல் சிலிண்டருக்கு இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு எலெக்ட்ரானிக் மாட்யூல், அவற்றுக்கு மின்சாரம் தர இன்ஜினிலேயே இரண்டு தனிக் காயில்கள். ஓடத் தொடங்கிய பிறகு பேட்டரி தேவையில்லை. உண்மையான இரட்டைக்கு ரொம்பவே நெருக்கம்.

அடுத்தது, முழு எலெக்ட்ரானிக் இக்னிஷன். எடை குறைவு, வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க் நேரத்தை மாற்றும், எரிபொருளும் மிச்சம். ஆனால் பல மாடல்களுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அப்படிப்பட்ட இரண்டை வாங்கி ஒரே பேட்டரியில் இணைத்தால், உங்களிடம் இருப்பது ஒன்றுதான். அதனால் ஹோம்பில்டர்கள் பலர் ஒரு மேக்னட்டோவும் ஒரு எலெக்ட்ரானிக்கும் கலந்து வைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விதத்தில் கெடும் என்பதே இதில் லாபம். சிலர் பி-மேக் போல, இன்ஜின் ஓடும்போது தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் வகையைத் தேர்வு செய்கிறார்கள். வேறு சிலர் இரண்டாவது பேட்டரி வைக்கிறார்கள்.

ஆலப்புழா பொறியாளரின் ஸ்லிங் டிஎஸ்ஐ ரக விமானத்தில் வரும் ரோட்டாக்ஸ் 915 ஐஎஸ் இன்ஜின் இந்தப் பாதையின் அடுத்த கட்டம். இக்னிஷன், ஃபியூயல் இன்ஜெக்ஷன் இரண்டுமே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில். மின்சாரம் இல்லையென்றால் இன்ஜின் இல்லை. அதனால் கம்ப்யூட்டரில் 'லேன் ஏ', 'லேன் பி' என்று இரண்டு பாதைகள், இன்ஜினுக்குள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்கள். இங்கே இரட்டிப்பாக வேண்டியது பிளக் மட்டுமல்ல, மின்சாரமும்தான்.

அந்த டேக்-ஆஃப் சோதனை ஏன் இவ்வளவு முக்கியம்?

ஏனென்றால், செத்துப்போன பேக்-அப்பைக் கண்டுபிடிக்கும் முக்கியமான வழி அதுதான். செஸ்னா 172எஸ்ஸில் 1,800 ஆர்பிஎம்மில் ஒரு மேக்னட்டோவை அணைக்கும்போது இறக்கம் 150-ஐத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. அதிக வேகத்தில் சுற்றும் ரோட்டாக்ஸ் 912-ல் இந்தச் சோதனை 4,000 ஆர்பிஎம்மில். அங்கே வரம்பு 300, வித்தியாசம் 115.

அப்படின்னா, இறக்கமே இல்லையென்றால் இன்ஜின் சூப்பர் கண்டிஷன் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. மேக்னட்டோவை 'ஆஃப்' செய்வது என்பது, ஒரு வயர் வழியாக அதை எர்த் செய்வதுதான். இறக்கம் வரவில்லை என்றால் அந்த வயர் அறுந்திருக்கலாம். சாவியை எடுத்த பிறகும் அந்த மேக்னட்டோ உயிரோடுதான் இருக்கும். அப்போது யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் இன்ஜின் திடீரென்று உயிர்பெறலாம். நிறுத்தியிருக்கும் விமானத்தின் ப்ரொப்பெல்லரைத் தொடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இரட்டை இக்னிஷன் எதைத் தடுக்காது?

எரிபொருள் தீர்ந்துபோவதைத் தடுக்காது. கார்புரேட்டரில் பனி கட்டுவதைத் தடுக்காது. அடைபட்ட ஃபில்டரை, ஜாம் ஆன டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனைத் தடுக்காது. சிறு விமானங்களின் இன்ஜின் நிற்கும் சம்பவங்களில் இவை அடிக்கடி வருபவை. மொத்த பட்ஜெட்டையும் இரண்டாவது இக்னிஷனில் போட்டுவிட்டு, பெட்ரோல் குழாயை ஏனோதானோ என்று பொருத்துவதில் அர்த்தமில்லை.

சரி, ஒற்றையா இரட்டையா?

ஒருவர் மட்டும் அமர்ந்து, திறந்த வெளிக்கு மேல், மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒற்றை இக்னிஷன் நியாயமான தேர்வாக இருக்கலாம். ரிஸ்க் யாருடையது, எவ்வளவு என்பது தெரிந்தே எடுத்த முடிவு அது. பக்கத்து இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்தால், இறங்கும் வேகம் கூடினால், கீழே ஊரோ காடோ தண்ணீரோ இருந்தால், இரட்டைக்கு வேறு வழியில்லை.

ஆனால் இரட்டை என்று முடிவெடுத்தவர், பிளக்குகளை எண்ணுவதோடு நிறுத்தக் கூடாது. ஒரு தாளில் இரண்டு சிஸ்டத்தையும் வரைய வேண்டும். பிளக்கில் தொடங்கி வயர், காயில், மாட்யூல், ஸ்விட்ச், ஃபியூஸ், பேட்டரி என்று பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டு கோடுகளும் எந்த இடத்தில் சந்திக்கின்றனவோ, அந்த இடத்தில் அவரிடம் இருப்பது ஒற்றை இக்னிஷன்தான். பணமும் கவனமும் முதலில் போக வேண்டியது அங்கேதான்.